ரீச்சர் வீட்டுக் குளோரீன்

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கத் தொடங்கிப் பதினைந்து வருடமாகிறது. குளோரீன் பாடம் வந்தால் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. 1774இல் சுவீடனில் ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் மங்கனீசு ஈரொட்சைட்டின் மேல் ஐதரோக்குளோரிக் அமிலத்தை ஊற்றி இந்த வாயுவை முதன்முதலில் எடுத்தது, 1810இல் ஹம்பிரி டேவி இது ஒரு தனி மூலகம்தான் என்று நிறுவி, மஞ்சட்பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அதற்குப் பெயராக வைத்தது, எல்லாம் நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். பலகையில் சமன்பாட்டை எழுதிவிட்டு, "இதைத் திறந்த இடத்தில் மூக்குக்கு முன்னால் செய்யக்கூடாது, பிள்ளைகள்" என்று சிவப்புச் சோக்கால் கோடும் போடுவேன்.

போன ஆடியில் அதே வாயுவை என் வீட்டுப் பாத்ரூமுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வாளியும் தும்புத்தடியும் வைத்துத் தயாரித்தேன்.

அண்ணா வருகிறார், அதுதான் காரணம். எட்டு வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து, அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து. வெளிநாட்டிலிருந்து ஆள் வரப்போகிற வீட்டில் என்ன நடக்கும் என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சுவருக்குப் பெயின்ற், யன்னலுக்குப் புதுத் திரை, மெத்தைக்கு வெயில். அம்மாவுக்குக் கவலை முழுக்கக் கொமட்டைப் பற்றித்தான். "அந்தப் பிள்ளையள் அங்க பளிங்கு மாதிரி பாத்ரூமில பழகினதுகள். இதைப் பார்த்தா என்ன நினைக்குங்கள்?" என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தா.

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட வீடு கட்டியவர்களுக்கு அந்தக் கறை தெரியும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர். குடிக்க எடுப்பதில்லை, ஆனால் மோட்டர் போட்டுத் தாங்கிக்கு ஏற்றிப் பாத்ரூமுக்கு அதைத்தான் விடுகிறோம். தண்ணீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு மெல்ல மெல்லப் படிந்து, அதோடு இரும்புத் துருவும் சேர்ந்து, கொமட்டுக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு மண்ணிற வளையம் விழும். சுடுதண்ணிக் கேத்திலின் அடியில் வெள்ளையாகச் செதில் பிடிக்கிறதே, அதன் உறவுதான். தும்புத்தடியால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதற்கு அமிலம்தான் சரியான மருந்து. கழிவறைக்கென்று கடையில் விற்கும் தடித்த திரவங்களில் பெரும்பாலும் ஐதரோக்குளோரிக் அமிலம் இருக்கும், பத்து வீதமளவில். சுண்ணாம்பில் பட்டதும் நுரைத்துக் கரைக்கும்.

சுவரில் வேறு பிரச்சினை. ரைல்ஸ் இடுக்குகளில் கறுப்பாகப் பூஞ்சணம். அதற்கு அமிலம் சரிவராது, பிளீச்தான் வேண்டும். வீட்டுப் பாவனைக்கு வரும் பிளீச் என்பது சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசல், ஐந்து வீதம் மட்டில். பூஞ்சணத்தின் நிறத்தையும் எடுக்கும், கிருமியையும் கொல்லும்.

ஆக, நான் வாங்கிவந்த இரண்டு போத்தல்களும் அந்தந்த வேலைக்குச் சரியானவை. கடைக்காரத் தம்பி ஒரே பையில் போட்டுத் தந்தார். வரும் வழி முழுக்க இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன.

நான் பாத்ரூமுக்குள் போனது மத்தியானம் இரண்டு மணியளவில். ஆடியில் இங்கே கச்சான் அடிக்கும். ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, மேற்கிலிருந்து காய்ந்த நெருப்பாக வந்து சேரும் காற்று. மேற்குப் பக்க யன்னல்களை அந்த நேரம் அடைத்து வைப்பது எங்கள் வழக்கம், இல்லாவிட்டால் வீடு முழுக்க மண். பாத்ரூமின் ஒரே யன்னல் மேற்கில். அதற்கு மேலே உள்ள காற்றோட்டத் துவாரத்திலும் நுளம்புக்காகப் பழைய சாரத்துண்டொன்றை நான்தான் திணித்திருந்தேன். கதவையும் சாத்தினேன், ஏனென்றால் உடுப்பை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தேன், வெளியில் பெயின்ற் அடிக்கிற பெடியன்கள் நின்றார்கள்.

முதலில் கொமட்டுக்குள் அமிலத்தை விளிம்பைச் சுற்றிப் பிழிந்துவிட்டேன். அதை ஊறவிட்டு, சுவருக்குப் பிளீச் பூசினேன். அதுவரைக்கும் ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் கழித்துக் கொமட்டைப் பார்த்தால் வளையம் பாதி போயிருக்கிறது, பாதி அப்படியே இருக்கிறது. கையில் பிளீச் போத்தல், அடியில் கொஞ்சம் மிச்சம். "இதையும் ஊற்றினால் முழுக்க வெளுத்துவிடும்" என்று ஒரு எண்ணம். எண்ணம் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகப் போனது. குழம்பில் புளிப்பு போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் பழப்புளி கரைத்து விடுவோமே, அந்தக் கை. அந்த நேரம் நான் ரீச்சர் இல்லை, அண்ணா வரப்போகிற வீட்டின் தங்கச்சி.

ஊற்றிவிட்டுக் குனிந்து தேய்த்தேன். நுரைத்தது. நீச்சல் தடாகத்தின் மணம் வந்தது. பொய் சொல்லவில்லை, அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்பதான் சுத்தமாகிறது என்று நினைத்தேன்.

அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை. தொண்டைக்குள் யாரோ கையை விட்டு முறுக்கியது மாதிரி. கண்ணில் மிளகாய்த்தூள். இருமல் வந்தது, இருமினால் திரும்ப மூச்சை இழுக்க வேண்டும், இழுத்தால் அதே காற்று. கதவின் கொண்டியைத் தேடுகிறேன், பத்து வருடமாகத் திறந்து பூட்டுகிற கொண்டி, அது எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பத்து விநாடி இருக்கலாம். கூடக்கூட இருபது.

வெளியில் வந்து குசினி வாசலில் குந்திவிட்டேன். அம்மா ஓடிவந்தா. "என்ன பிள்ளை, என்ன செய்தனி?" என்று கேட்டுக்கொண்டே வாளியைத் தூக்கினா. "உள்ளுக்கை தண்ணியை அடிச்சு விட்டாச் சரி, நான் ஊத்திப்போட்டு வாறன்." அவவின் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் வாளித் தண்ணீர் முழுக்க என் மேல். பேச்சு வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். எழுபத்தொரு வயது, இழுப்பு வருத்தமும் இருக்கிற ஆள். அவ உள்ளே போயிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். பாத்ரூம் கதவைத் திறந்தபடி விட்டோம். பெயின்ற் பெடியன் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கம் நின்று ஒரு தடியால் யன்னலைத் தள்ளித் திறந்தான். குசினிப் பின்கதவையும் திறந்துவிட்டு எல்லோரும் முற்றத்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டோம். யன்னலைத் திறந்ததும் கச்சான் உள்ளே புகுந்து ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனது. வருடம் முழுக்க நான் திட்டுகிற காற்று. நான் கண்ணைக் கிணற்றடியில் கால் மணித்தியாலம் கழுவினேன். மாலைவரை ஒருவரும் அந்த அறைக்குள் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து "அப்பச்சோடாவைக் கொட்டினால் முறிச்சுப்போடும்" என்றார். நல்ல மனம்தான், ஆனால் கலந்து வந்த வினையை இன்னொன்றைக் கலந்து முறிக்கப் போவதைப்போல விசர் வேலை வேறில்லை. அதைச் செய்ய உள்ளேயும் போகவேண்டுமே.

இருமல் நிற்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்தும் நெஞ்சுக்குள் ஒரு இறுக்கம். ஓட்டோவில் ஏற்றினார்கள். இரண்டு போத்தலையும் பையில் போட்டுக் கொண்டுபோனேன், அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த புத்தியான காரியம். வெளிநோயாளர் பிரிவில் டொக்ரர் முதல் கேட்டதே "எதோட எதைக் கலந்தீங்க?" என்றுதான். நான் போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தேன். பின்னால் நின்ற தாதி முகமூடிக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ரீச்சர்... நீங்கள்தானே எங்களுக்கு இந்தச் சமன்பாட்டைப் படிப்பிச்சனீங்கள்?"

2014 உயர்தரத் தொகுதியாம். என்ன பதில் சொல்ல? இருமினேன்.

ஒட்சிசன் தந்தார்கள், இழுப்புக்காரருக்குப் பிடிக்கிற புகைமருந்தும் பிடித்தார்கள். பிறகு ஒரு கட்டிலில் இருத்தி வைத்துவிட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் எனக்குச் சுகமாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன் என்றேன். டொக்ரர் விடவில்லை. இந்த வாயுவின் கள்ளத்தனமே அதுதான் என்றார். நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாக மாறுகிறது. அது அரித்த இடத்தில் நீர் கோப்பது உடனே தெரியாது, சில மணித்தியாலம் பிந்தியும் வரலாம். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்கள் இரவில் மூச்சுத்திணறித் திரும்பி வருவதுண்டாம். இரவு பத்து மணிக்குத்தான் விட்டார்கள். மூச்சில் கோளாறு தெரிந்தால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவலுக்கென்றே ஒரு நிலையம் இருப்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன். இவ்வளவு நாளும் நஞ்சு என்றால் பாம்பும் அலரி விதையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலில் சும்மா இருக்க முடியாமல், தந்த துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பழக்கதோஷம். பிளீச் நான் ஊற்றியது 100 மில்லிலீற்றர் என்று வைப்போம், அரைக் கோப்பை. ஐந்து வீதம் என்றால் அதில் ஐப்போகுளோரைற்று 5 கிராம். மூலில், அதாவது இரசாயனத்தில் துணிக்கைகளை எண்ணுகிற அலகில், 0.067. போதிய அமிலம் கிடைத்தால் அதே அளவு மூல் குளோரீன் வரும். அறை வெப்பநிலையில் அது 1.6 லீற்றர் வாயு. போதிய அமிலம் என்பது பத்து வீதக் கரைசலில் வெறும் 50 மில்லிலீற்றர், நான் பிழிந்தது அதைவிட எவ்வளவோ அதிகம். எங்கள் பாத்ரூம் 5 அடிக்கு 5 அடி, உயரம் 8 அடி. 200 கன அடி, அதாவது ஏறத்தாழ 5,660 லீற்றர் காற்று. எல்லா வாயுவும் வெளியே வந்து அறை முழுக்கப் பரவினால் பத்து இலட்சம் பங்கு காற்றில் 290 பங்கு குளோரீன். பத்து இலட்சத்தில் 30 பங்கு என்றாலே நெஞ்சு வலியும் இருமலும். 400 தாண்டினால் அரை மணித்தியாலத்தில் உயிர் போகலாம்.

உண்மையில் எல்லாம் வெளியே வராது, ஒரு பகுதி தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். ஆனால் அறை முழுக்கச் சமமாகப் பரவுவதும் இல்லை. குளோரீன் காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம். எழும்பாது, வழிந்து கீழே தேங்கும். என் தலை எங்கே இருந்தது? கொமட்டுக்குள் குனிந்தபடி. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற இடத்தில் ஜேர்மன் படை உருளைகளைத் திறந்து இந்த வாயுவைக் காற்றோடு விட்டபோது, அது போய் இறங்கியது பதுங்குகுழிகளுக்குள். பங்கருக்குள் இருந்து படித்த எங்கள் தலைமுறைக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. ஷெல்லுக்கு ஒளித்த குழியே கிண்ணம்போல் அதைப் பிடித்துவைத்திருக்கும்.

நான் இதை எழுதுவது சமன்பாட்டைச் சொல்வதற்காக இல்லை. சமன்பாடு எனக்குத் தெரியும், தெரிந்தும் செய்தேன். என்னை உறுத்துவது அந்த ஒரு கணச் சந்தோஷம். அந்த மணம் வந்ததும் ஏன் எனக்கு நிம்மதி வந்தது?

யோசித்தால் அது 2005ஆம் ஆண்டுக்குப் போகிறது. சுனாமி வந்து போய் இரண்டு மூன்று கிழமை. எங்கள் கிணற்றுக்குள் கடல் வந்திருந்தது. மண், கஞ்சல், யாருடையதோ ஒரு செருப்பு. நிலாவெளி, உப்புவெளி, கிண்ணியா எல்லாப் பக்கமும் கிணறுகள் அப்படித்தான். இறைத்துத் துப்புரவாக்கியபிறகு வெள்ளைத் தூளை வாளியில் கரைத்து ஊற்றினார்கள். மறுநாள் அப்பா ஒரு வாளி அள்ளி முகத்துக்குக் கிட்டப் பிடித்து மணந்தார். "ஆ, மணக்குது. இனிப் பயமில்லை." அகதி முகாமிலும் தண்ணீர்த் தாங்கியில் அதே மணம். வயிற்றோட்டம் பரவிவிடும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நாட்களில் அந்த மணம்தான் எங்களுக்கு உத்தரவாதம். இப்பவும் ஒவ்வொரு மாரி வெள்ளத்துக்குப் பிறகும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டுவிட்டுப் போனால், அம்மா முதலில் செய்வது மணந்து பார்ப்பது. பிறகு கொரோனா வந்தது. கடை வாசல், பஸ், பாடசாலை, எங்கே பார்த்தாலும் விசிறினார்கள். மூக்கில் ஏறினால்தான் கிருமி செத்தது என்று நம்பினோம்.

அந்த நம்பிக்கை பிழையில்லை, அளவுதான் பிழை. சுத்திகரித்த குடிதண்ணீரில் மிஞ்சி நிற்க வேண்டிய குளோரின் லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவு. மேசை கதவு துடைக்க உலக சுகாதார நிறுவனம் சொன்னது 0.1 வீதம், அதாவது ஐந்து வீதப் பிளீச்சில் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். எங்கள் வீடுகளில் யார் 49 பங்கு விடுகிறார்கள்? போத்தலைக் கவிழ்ப்போம், காசு கொடுத்து வாங்கியது. இன்னொன்று, நீச்சல் தடாகத்தில் கண்ணை எரிக்கிற அந்த மணம் நல்ல குளோரினின் மணமே இல்லை. வியர்வையிலும் சலத்திலும் உள்ள நைதரசன் சேர்வைகளோடு குளோரின் சேர்ந்து குளோரமீன்களாக மாறியபின் வருகிற மணம். கடுமையாக மணக்கிற தடாகம் அழுக்கான தடாகம். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் முகத்தைச் சுழிப்பார்கள்.

அதே குளோரமீன் வீட்டிலும் வரும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு பிளீச் சேர்ந்தால் வரும். சின்னப்பிள்ளை சலம் பெய்து காய்ந்த மூலையில், பூனை போய்ப் பழகிய இடத்தில், தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் நேரே பிளீச் விட்டாலும் கொஞ்சம் வரும். குளோரீன் அளவுக்கு முகத்தில் அறையாது, அதனால்தான் மனிதர் அங்கேயே நின்று இருமி இருமித் தேய்ப்பார்கள்.

சிகிச்சை முடிந்து வந்தபின் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னேன், சொல்லச் சொல்ல ஒவ்வொருவரும் தங்கள் கதையை எடுத்தார்கள். மச்சாள் ஒருத்தி இறைச்சிப் பலகையைப் பிளீச்சில் ஊறவைத்து, நாற்றம் போகவில்லை என்று பாதித் தேசிக்காயைப் பிழிந்திருக்கிறா. தேசிப்புளியும் அமிலம்தான், வினாகிரியும் அமிலம்தான். 2020இல் அமெரிக்காவில் ஒரு பெண் கொரோனாப் பயத்தில் மரக்கறி கழுவவென்று தொட்டியில் பிளீச்சும் வினாகிரியும் சுடுதண்ணியும் கலந்துவிட்டு அம்புலன்ஸில் போனது அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையத்தின் அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் அங்குள்ள நஞ்சுத் தகவல் நிலையங்களுக்குத் துப்புரவுத் திரவங்கள், கிருமிநாசினிகள் பற்றி வந்த அழைப்பு 45,550. முந்திய வருடத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட. ஆக, பயம் வந்தால் எல்லா நாட்டுக்காரரும் கலக்கத்தான் செய்கிறார்கள்.

என்னிடம் படித்த பெடியன் ஒருவன் நிலாவெளிப் பக்கம் ஹோட்டலொன்றில் நீச்சல் தடாகம் பார்க்கிறான். அவன் சொன்னது எனக்கே புதிது. தடாகத்துக்குப் போடும் குளோரின் ஒரே பொருள் இல்லையாம். ஒன்று கல்சியம் ஐப்போகுளோரைற்று, மற்றது வில்லைகளாக வரும் வேறொரு சேர்வை. இரண்டுக்கும் பெயர் "குளோரின்"தான், இரண்டும் வெள்ளைதான். ஆனால் ஒன்றின் கரண்டியை மற்றதற்குள் விட்டால்கூடத் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். "எங்களுக்கு அதுக்கு வேறை கரண்டி, இதுக்கு வேறை கரண்டி, ரீச்சர். ராக்கையே வேறை." இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது பாடசாலை இல்லை, அங்கே வேலை பழக்கிய ஒரு முஸ்லிம் நானா. நான் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தேன். சரிதான்.

போத்தலில் எழுதியிருக்குமே என்பார்கள். எழுதியிருந்தது. என்னுடைய போத்தலில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது, தமிழ் எறும்பளவில், வளைந்த மூலையில், "ஏனைய உற்பத்திகளுடன் கலப்பதைத் தவிர்க்குக" என்று. இதை வாசித்து யார் பயப்படுவார்கள்? ஜப்பானில் 1987இல் டோக்குஷிமா என்ற மாவட்டத்தில் ஒரு பெண் இதே இரண்டையும் கலந்து இறந்துபோனபிறகு, அங்கே போத்தல்களின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "கலக்காதே, ஆபத்து" என்று போடத் தொடங்கினார்கள். இரண்டே சொல். தவிர்க்குகவும் இல்லை, உற்பத்திகளும் இல்லை. எங்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வினைமுற்று என்றால் ஏன் இவ்வளவு பயம் என்று எனக்கு விளங்கவில்லை.

எழுத்தே இல்லாத போத்தல்கள் வேறு கதை. ரைல்ஸ் பதிக்கிற மேசன்மார் சீமெந்துக் கறை எடுக்க வைத்திருக்கும் அசிட் இன்னும் கடுமையானது. மிச்சத்தைத் தண்ணீர்ப் போத்தலில் விட்டு "வீட்டுக்கு உதவும், வைச்சிருங்கோ அக்கா" என்று அன்பாகத் தந்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுப் பின்விறாந்தையிலும் ஒன்று இருந்தது, நான்கு வருடமாக. நீல மூடி, உள்ளே தெளிந்த தண்ணீர் மாதிரி. அண்ணாவின் சின்னவனுக்கு ஆறு வயது, வந்த களைப்பில் எந்தப் போத்தலைக் கண்டாலும் தூக்குவான். அதை நினைத்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, இருமலால் இல்லை.

சமூக ஊடகத்தில் அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து எதையும் பளபளப்பாக்கும் காணொளிகள் பற்றியும் ஒரு சொல். அதில் ஆபத்துப் பெரிதாக இல்லை, மூடிய போத்தலுக்குள் கலந்து வைத்தால் மூடி பறக்கும், அவ்வளவே. ஆனால் பயனும் இல்லை. ஒன்று காரம், ஒன்று அமிலம், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைத்தான் மிச்சம் வைக்கும். நுரை அழகாக வரும். நுரைக்குக் கைதட்டுகிறோம்.

அம்மா குத்துவிளக்கு மினுக்குவதை அந்தக் கிழமை சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை செய்யவேண்டாம் என்று என்னை இருத்திவிட்டிருந்தா. முதலில் பழப்புளியை ஊறவைத்துப் பிசைந்து விளக்கின் தண்டில் பூசினா. பச்சைக் களிம்பு விட்டுக்கொண்டு வந்தது. பிறகு கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாளி ஊற்றி, கையால் தடவிப் பார்த்து, வழுவழுப்புப் போகுமட்டும் அலம்பினா. அதற்குப் பிறகுதான் அடுப்புச் சாம்பலை எடுத்தா. புளி அமிலம், சாம்பல் காரம். "ஏன் அம்மா ரெண்டையும் ஒண்டா போட்டுத் தேய்ச்சா வேலை கெதியா முடியுமே" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"விசரே உனக்கு? புளியில சாம்பலைப் போட்டா ரெண்டும் கெட்டுப்போகும். ஒண்டு போட்டு, கழுவி, பிறகுதான் மற்றது."

நான் ஒன்றும் பேசவில்லை. அவ எட்டாம் வகுப்போடு நிறுத்தியவ.

வாயு வந்ததற்கு மறுநாள் பாத்ரூமை அவதான் கழுவினா, கதவு யன்னலெல்லாம் திறந்து வைத்து, முந்திய நாள் ஊற்றிய எல்லாவற்றுக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு. காற்றோட்டத் துவாரத்துச் சாரத்துண்டை எடுத்தெறிந்துவிட்டு நுளம்பு வலை அடித்தோம். இப்போது அமிலப் போத்தல் பாத்ரூமில், பிளீச் போத்தல் வெளியே கிணற்றடி மாடத்தில், வெயில் படாத பக்கம். வெயிலில் வைத்தால் பிளீச் வீரியம் கெட்டுவிடும், இந்த ஊர் வெயிலுக்கு இன்னும் கெதியாக. இரண்டையும் ஒரே நாளில் எடுப்பதில்லை. மேசன் தந்த போத்தலை என்ன செய்வதென்று தெரியாமல் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், பெரிய வாளித் தண்ணீருக்குள் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு ஐதாக்கி, சுண்ணாம்பு போட்டு முறித்து ஊற்றினேன். தண்ணீருக்குள் அமிலம், அமிலத்துக்குள் தண்ணீர் இல்லை. இந்த முறை யன்னலுக்குக் கிட்ட நின்றேன்.

வகுப்பில் குளோரீன் பாடம் இந்த வருடமும் வந்தது. ஷீலேயைச் சொன்னேன், டேவியைச் சொன்னேன், பிறகு என் பாத்ரூமைச் சொன்னேன். கணக்கையும் அவர்களையே செய்யவிட்டேன், தங்கள் தங்கள் வீட்டுப் பாத்ரூமை அளந்துவரச் சொல்லி. ஒருத்தி எழும்பி, "ரீச்சர், எங்கட பாத்ரூம் உங்கடையிலும் சின்னன்" என்றாள். வகுப்பில் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை, விடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணா குடும்பம் வந்து மூன்று கிழமை நின்றது. பிள்ளைகள் கொமட்டை எட்டிப் பார்த்ததாகவே தெரியவில்லை, நாள் முழுக்கக் கடற்கரையில். அண்ணா முதல் நாளே சாரத்தைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனவர், திரும்பிப் போகும்வரை அங்கேதான் குளித்தார். வாளியை இழுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே கேட்டார், "கொமட்டிலை என்ன இந்த மண்ணிறக் கோடு? அப்பா இருக்கேக்கையும் இருந்ததெல்லோ?"

"ஓம்," என்றேன். "அதே கோடுதான்."